பழைய ராணுவ லாரியின் சேசிஸில் கனரக டிரெய்லர் கட்டும் முறை

கழித்துவிடப்பட்ட ராணுவ லாரி ஒன்றின் சேசிஸ் கைக்குக் கிடைத்ததும், அதைச் சுமை டிரெய்லராக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பு. 'சி' வடிவில் நீளவாக்கில் ஓடும் தடித்த இரும்புச் சேனல்கள், கரடுமுரடான தரைக்கென்றே செய்யப்பட்ட இரட்டைப் பின் ஆக்சில்கள், பெரிய பிரேக் டிரம்கள் என்று ஒரு டிரெய்லருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் "ராணுவ வண்டி, எதையும் தாங்கும்" என்ற நம்பிக்கையில் முதல் நாளே கட்டரைக் கையில் எடுப்பவர்கள்தான் பின்னால் அவதிப்படுகிறார்கள். லாரியாக இருந்தவரை முன் ஆக்சிலும் பின் ஆக்சில்களும் பகிர்ந்து தாங்கிய சட்டகம், டிரெய்லரானதும் முன்பக்கத்தில், இழுத்துச் செல்லும் வண்டியின் கொக்கியில் மாட்டும் ஒரே ஒரு இழுவளையத்தை நம்பி நிற்கிறது. எங்கே வெட்டுவது, சக்கரங்களை எங்கே வைப்பது, பிரேக்கை எப்படி அமைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு மாற்றத்திலிருந்தே வருகிறது. ஆகவே வேலையின் முதல் பாதி காகிதத்திலும் அளவு நாடாவிலும் நடக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது ஆவணங்களை. வீட்டில் கட்டிய டிரெய்லரைச் சாலையில் ஓட்டுவதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. சேசிஸ் எண், உரிமை மாற்றச் சான்று, அனுமதிக்கப்படும் அகலம், ஆக்சில் பளு, பிரேக் வகை ஆகியவற்றை வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். கட்டி முடித்த பின் கேட்பது, தாலி கட்டிய பின் ஜாதகம் பார்ப்பது போலத்தான்.

அடுத்தது லாரியின் தகட்டுக் குறிப்பு. பெரும்பாலான ராணுவ லாரிகளில் ஓட்டுநர் அறைக்குள் எடை, பளு, வேக வரம்பு ஆகியவை பொறித்த தகடு இருக்கும். அறையைக் கழற்றி எறிவதற்கு முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ராணுவ வழக்கில் லாரியின் பெயரோடு வரும் டன் கணக்கு பெரும்பாலும் சாலையற்ற தரைக்கு உரியது. 1950களில் புழக்கத்துக்கு வந்த அமெரிக்க எம்35 லாரியை "இரண்டரை டன்" என்று அழைத்தாலும், நல்ல சாலையில் அதற்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கு அனுமதி உண்டு. இதை வைத்து டிரெய்லரின் பளுவைத் தாராளமாக உயர்த்திவிடக் கூடாது. பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற ஸ்பிரிங், ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங், பிரேக் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

சட்டகத்தைச் சோதிக்க ஒரு சுத்தியல், ஒரு கம்பித் தூரிகை, ஒரு டார்ச் போதும். ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றியும் குறுக்குச் சட்டங்கள் நீளச் சட்டங்களோடு சேரும் மூலைகளிலும் பெயிண்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். விரிசல் தொடங்குவது அங்கேதான். ரிவெட்டின் தலையைச் சுத்தியலால் தட்டினால், இறுகியிருப்பது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும், அதன் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி கசிந்திருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சேனல் வைத்த சேசிஸானால் இரண்டுக்கும் இடையே துரு உப்பித் தகட்டை வெளியே தள்ளியிருக்கிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். அப்படித் தள்ளியிருந்தால் வேறு சேசிஸைத் தேடுவது நல்லது.

கழற்றும் வேலை

இந்தக் கட்டத்தில் ஆளைக் காயப்படுத்தக் கூடியவை நான்கு, அவற்றில் முதலாவது சக்கரம். பழைய ராணுவ லாரிகளின் டிஸ்குகள் பல, லாக் ரிங் வைத்துப் பூட்டும் துண்டு டிஸ்குகள். காற்றோடு இருக்கும்போது ரிங் விலகினால் அது துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். எனவே சக்கர நட்டில் கை வைப்பதற்கு முன்பே இரட்டை டயர்கள் இரண்டிலும் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் வெளியேற்றிவிட வேண்டும். மறுபடி காற்று நிரப்புவதைப் பாதுகாப்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையிடம் விட்டுவிடுங்கள். நட்டு கழலவில்லை என்று நீளக் குழாய் போட்டு முறுக்குவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள்: எம்35 போன்ற பல வண்டிகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை கொண்டவை. போல்ட்டின் நுனியில் அதற்கான எழுத்து பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் இறுக்கும் திசையிலேயே பலம் கொடுத்து ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம், நானும் ஒன்றை முறித்திருக்கிறேன்.

இரண்டாவது டீசல் டேங்க். காலியான டேங்க்கிலும் ஆவி இருக்கும், அதன் பக்கத்தில் தீயும் கட்டரும் வேண்டாம், போல்ட்டைக் கழற்றி இறக்கி அப்புறப்படுத்துங்கள். மூன்றாவது பெயிண்ட். பழைய பச்சை, காக்கிப் பூச்சுகளில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். 1980களுக்குப் பிந்தைய அமெரிக்க ராணுவ வண்டிகளில் ரசாயன ஆயுதத்தைத் தாங்கும் ஒரு தனிப் பூச்சும் உண்டு, அதைச் சூடாக்கினாலும் அரைத்தாலும் நுரையீரலைக் கெடுக்கும் புகையும் தூளும் கிளம்பும். வெல்டிங் செய்யும் இடத்தில் கைப்பிடி அகலத்துக்குப் பூச்சு ரிமூவர் தடவி எடுத்துவிட்டு, தகுந்த வடிகட்டி கொண்ட முகமூடி அணிந்தே வேலை செய்ய வேண்டும். நான்காவது பிரேக் தூசி. பழைய லைனிங்கில் கல்நார் இருக்க வாய்ப்பு அதிகம், டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்து ஊதாமல் நீர் தெளித்துத் துடைத்தெடுங்கள்.

மற்றபடி கழற்றும் வரிசை எளிது: சரக்குப் பெட்டி, ஓட்டுநர் அறை, இன்ஜின், கியர் பெட்டி, இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கடைசியாக முன் ஆக்சில். சட்டகத்தை ஜாக்கியின் மேல் விட்டுவிடாமல், நான்கு இடங்களில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் உட்கார வையுங்கள்.

எடைக் கணக்கு: இந்த வேலையின் மையம்

டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு இழுவண்டியின் கொக்கியை எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கொக்கிப் பளு என்று அழைக்கலாம். சக்கரங்கள் நடுவில் இருக்கும் கனரக டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது நடைமுறையில் ஒத்துவரும் அளவு, உங்கள் இழுவண்டியின் கொக்கிக்கு வகுத்துள்ள வரம்பு அதைவிடக் குறைவானால் அந்த வரம்பே இறுதி. இந்தப் பளு குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும். அதற்கு மாறாகப் பளு கூடிவிட்டால் இழுவண்டியின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போய்விடும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். தளம் 5 மீட்டர் நீளம், தளத்தின் முன்விளிம்பிலிருந்து இழுவளையம் 2 மீட்டர் முன்னால், டிரெய்லரின் சொந்த எடை 2.5 டன், சரக்கு 5 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7.5 டன், கொக்கிப் பளு 10 சதவீதம் என்றால் 750 கிலோ. வளையத்திலிருந்து பின் தொகுதியின், அதாவது இரண்டு ஆக்சில்களும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் சேர்ந்த அமைப்பின், நடுப்புள்ளி 5 மீட்டரில் இருந்தால், மொத்த எடை மையம் அந்த நடுப்புள்ளிக்கு அரை மீட்டர் முன்னால் விழ வேண்டும். 750 கிலோவை 5 மீட்டரால் பெருக்கினாலும் 7,500 கிலோவை அரை மீட்டரால் பெருக்கினாலும் விடை ஒன்றே என்பதுதான் இதன் அடிப்படை. தளத்தில் சமமாகப் பரப்பிய சரக்கின் மையம் வளையத்திலிருந்து 4.5 மீட்டரில் விழும். கனமான பின் தொகுதியையும் இலேசான முன்பகுதியையும் சேர்த்துப் பார்த்தால், சொந்த எடையின் மையமும் ஏறக்குறைய அங்கேயே வரும்படி அமைக்கலாம். இப்படி அமைத்தால் பின் தொகுதியின் நடு, தளத்தின் முன்விளிம்பிலிருந்து 3 மீட்டரில், அதாவது தள நீளத்தில் அறுபது சதவீதத்தில் நிற்கும்.

இதே டிரெய்லரில் சரக்கைச் சற்றே பின்னால் தள்ளி ஏற்றி, அதன் மையம் முக்கால் மீட்டர் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், கொக்கிப் பளு பூஜ்யமாகிவிடும். நான் முதலில் கட்டிய டிரெய்லரில் இந்தக் கணக்கைப் போடாமல், கூடுதல் இடம் கிடைக்கட்டும் என்று தளத்தைப் பின்பக்கம் நீட்டிவிட்டேன். இயந்திரம் ஒன்றை ஏற்றி நடைவேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டும்போது, பின்னாலிருந்து "டங்" என்று ஒரு சத்தம், சற்று இடைவெளி விட்டு இன்னொரு "டங்". இறங்கிப் பார்த்தால் வளையம் கொக்கியின் கீழ்த்தாடையில் அமராமல் மேல்தாடையைப் போய் இடித்துக்கொண்டிருந்தது, அங்கே பெயிண்ட் பெயர்ந்து இரும்பு பளபளத்தது. அந்தத் தளத்தை அன்றே வெட்டிக் குறைத்தேன்.

எடை மையம் சரியான இடத்தில் விழவில்லை என்றால் திருத்த மூன்று வழிகள் உண்டு: தளத்தை முன்னால் நீட்டலாம், பின்பக்கம் குறைக்கலாம், அல்லது பின் தொகுதியையே நகர்த்தலாம். மூன்றாவது கடினம், ஏனெனில் ஸ்பிரிங் தாங்கியும் அதன் குறுக்குச் சட்டமும் ஆக்சிலைச் சட்டகத்தோடு பிணைக்கும் டார்க் ராடுகளின் முனைகளும் ஒன்றாகவே நகர வேண்டும். தொகுதியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு அதைச் சுற்றித் தளத்தை அமைப்பதையே புதியவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

சட்டகத்தில் செய்யக் கூடாதவை

ராணுவ லாரிகளின் நீளச் சட்டங்கள் பல, வெப்பப் பதமேற்றிய உயர்வலு எஃகால் ஆனவை. அந்தப் பதம் வெல்டிங் சூட்டில் கெட்டுவிடும், சூடுபட்ட இடத்தின் ஓரமாக விரிசல் பின்னர் தோன்றும். சேனலின் மேல், கீழ் விளிம்புகள்தாம் வளைவைத் தாங்குபவை. சுமை ஏறும்போது ஒரு விளிம்பு இழுபடுகிறது, மற்றது அமுங்குகிறது, நடுத்தகட்டின் மையத்திலோ இந்த விசை மிகக் குறைவு. எனவே துளை போடுவதானால் நடுத்தகட்டில் மட்டும் போடுங்கள். விளிம்பில் துளையும் வேண்டாம், குறுக்காக ஓடும் வெல்டிங்கும் வேண்டாம். கூடுமானவரை 10.9 தர உயர்வலுப் போல்ட்டுகளைத் துளைக்குள் ஆட்டமில்லாமல் பொருத்தி இறுக்குவதே சரி. வெல்டிங் தவிர்க்க முடியாத இடத்தில், உலர்த்திய 7018 வெல்டிங் ராடு கொண்டு, அனுபவமுள்ள வெல்டர் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

சட்டகம் கோணலாக இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளியிட்டு, மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் கவலை இல்லை, அதற்கு மேலானால் சேசிஸ் நிமிர்த்தும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இழுசட்டமும் இழுவளையமும்

நீளச் சட்டங்களின் முன்முனைகளையே சூடாக்கி வளைத்து ஒன்றுசேர்த்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு, பதமேற்றிய எஃகுக்கு அது கேடு. புதிய சேனல்களையோ பெட்டிக் குழாய்களையோ கொண்டு முக்கோண வடிவில் தனி இழுசட்டம் செய்து, அதன் கால்களை நீளச் சட்டங்களுக்கு அடியில் குறைந்தது ஒரு மீட்டர் உள்ளே கொண்டுபோய், பக்கத் தகடுகள் வழியாக நடுத்தகட்டில் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும். பக்கத் தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள், விறைப்பு திடீரென்று முடியும் இடத்தில்தான் சட்டம் ஒடியும். ராணுவ சேசிஸ் உயரமானது என்பதால், அடியில் தொங்கும் இழுசட்டம் இழுவண்டியின் கொக்கி உயரத்துக்கு இயல்பாகவே நெருங்கி வரும். மீதி வித்தியாசத்துக்கு, வளையம் பொருத்தும் தகட்டில் மேலும் கீழுமாக இரண்டு மூன்று துளை வரிசைகள் விட்டுவைத்தால் தளத்தை மட்டமாக நிறுத்திக்கொள்ளலாம்.

வளையம், கொக்கி இரண்டிலும் அவற்றின் வலு பொறித்திருக்க வேண்டும். தேவையான வலுவைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: இழுவண்டியின் எடையையும் டிரெய்லரின் ஆக்சில்கள் மீது நிற்கும் எடையையும் டன்னில் எடுத்து, இரண்டின் பெருக்கலை இரண்டின் கூட்டலால் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் கிலோ நியூட்டனில் விடை வரும். 12 டன் இழுவண்டி, நம் உதாரண டிரெய்லரின் ஆக்சில் பளு 6.75 டன் என்றால் விடை ஏறத்தாழ 42. அதற்குக் குறைந்த வலுவுள்ள வளையத்தைத் தொடவே கூடாது. செங்குத்துப் பளு வரம்பையும் தனியே பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் இழுசட்டத்தின் கீழ் குறுக்காகப் போட வேண்டும். வளையம் கழன்றாலும் சட்டம் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

ஆக்சில்கள்

இந்த லாரிகளின் பின் ஆக்சில்களில் சக்கரத்தைத் தாங்குவது ஹவுசிங்கின் முனையிலுள்ள பேரிங்குகள், உள்ளே ஓடும் ஆக்சில் தண்டு சுழற்றும் வேலையை மட்டுமே செய்கிறது. எனவே தண்டுகளை உருவி எடுத்துவிட்டாலும் சக்கரம் அப்படியே நிற்கும், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் வீணாகச் சுழலாது. உருவிய இடத்தில் கேஸ்கெட்டுடன் மூடித் தகடு போட மறந்துவிட்டால் முதல் மழையிலேயே பேரிங் நாசமாகும். எடையைக் குறைக்க விரும்பினால் டிஃபரன்ஷியலையும் தூக்கிவிட்டு, அதே போல்ட் துளைகளில் தடித்த தகடு வைத்து மூடலாம். ஹப் பேரிங் கிரீஸில் ஓடுவதா, ஆக்சில் ஆயிலில் ஓடுவதா என்று கழற்றும்போதே கவனியுங்கள். ஆயிலில் ஓடியதானால், தண்டை எடுத்த பின் அதற்கு ஆயில் வரத்து இருக்காது, ஹப்பைத் தனியே நிரப்பியாக வேண்டும்.

பேரிங்கை இறுக்கும்போது ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே உள்நட்டை இறுக்கி உருளைகளை அமரவைத்து, பிறகு சற்றுத் தளர்த்திப் பூட்ட வேண்டும். டயல் கேஜ் வைத்தால் முன்பின் ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். எல்லாம் பூட்டிய பின் இழுவளையத்தின் நடுவிலிருந்து, பின் தொகுதியின் இரண்டு ஆக்சில்களில் முன்னால் இருப்பதன் இரு முனைகளுக்கும் எஃகு நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்காவிட்டால் டிரெய்லர் நண்டு போலச் சாய்ந்து ஓடி டயரைத் தின்னும்.

தளத்தின் உயரத்தை முடிவு செய்யும்முன் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில், ஸ்பிரிங் அனுமதிக்கும் எல்லை வரை, தூக்கிப் பாருங்கள். இரட்டை ஆக்சில் தொகுதி ஒருபக்கம் ஏறும்போது டயர் எவ்வளவு மேலே வருகிறது என்பது அப்போதுதான் தெரியும், தளத்தின் அடிப்பகுதி அதற்கும் மேலே இருக்க வேண்டும். தளம் உயர உயர வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும் என்பதால் தேவைக்கு மேல் ஒரு விரல்கூட உயர்த்த வேண்டாம்.

பிரேக்

கனரக டிரெய்லரின் பிரேக்கிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஓட்டுநர் மிதித்தால் நிற்குமா? கொக்கி கழன்று தனியே ஓடினால் தானாக நிற்குமா? இரண்டாவதற்கு விடை இல்லாத டிரெய்லரைச் சாலையில் ஏற்றக் கூடாது.

முழு ஏர் பிரேக் உள்ள சேசிஸானால் வழி நேரானது. டிரெய்லரில் ஏர் டேங்க் ஒன்றும் ரிலே எமர்ஜென்சி வால்வும் வைத்து, டேங்க்கை நிரப்பும் சப்ளை, ஓட்டுநர் மிதிப்பதை எட்டச்செய்யும் சர்வீஸ் என இரு ஹோஸ்கள் கொண்டுவர வேண்டும். சப்ளை ஹோஸ் அறுந்து காற்று போனதும் வால்வு டேங்க் காற்றைத் திருப்பிவிட்டுப் பிரேக்கைப் பிடிக்கும். சப்ளைக்குச் சிவப்பு என்பது பொது வழக்கு. சர்வீஸுக்கு அமெரிக்க முறையில் நீலம், ஐரோப்பிய முறையில் மஞ்சள். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள், உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். பழுதானால் முழுதாக மாற்றுவதே வழி.

எம்35 போன்றவற்றில் காற்று உந்தும் ஹைட்ராலிக் பிரேக் இருக்கும். வீல் சிலிண்டர்களை அப்படியே வைத்துக்கொண்டு, காற்று ஹைட்ராலிக் பூஸ்டரை டிரெய்லருக்கு மாற்றலாம். ஆனால் பூஸ்டர் மட்டும் போதாது, ஏர் டேங்கும் எமர்ஜென்சி வால்வும் இங்கும் வேண்டும், நிறுத்தி வைக்கக் கம்பியால் இழுக்கும் கைப்பிரேக்கும் வேண்டும். காற்று கசிந்து இறங்கினால் காலையில் வண்டி நின்ற இடத்தில் இருக்காது. அமெரிக்க ராணுவ வண்டிகளில் சிலிக்கான் வகையான டாட் 5 பிரேக் ஆயில் இருக்கலாம். அதோடு டாட் 3ஐயோ டாட் 4ஐயோ கலக்காமல், குழாய்களைக் கழுவி ரப்பர்களை மாற்றி ஒரே வகையை ஊற்றுங்கள்.

மின்விளக்கு

ராணுவ லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இழுவண்டி 12 வோல்ட்டானால் பழைய வயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுப்பதே குறைந்த தலைவலி. எர்த் இணைப்புக்குத் தனி வயர் போடுங்கள், கிரீஸ் தடவிய இழுவளையத்தை நம்பினால் மேடு பள்ளத்தில் விளக்குகள் கண் சிமிட்டும்.

ஓட்டிப் பார்த்தல்

டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், பட்டன் தேயாமல் புதிது போல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பிறகு எடைமேடைக்குப் போங்கள். கொக்கியைக் கழற்றி டிரெய்லர் முழுவதையும் ஒரு முறையும், கொக்கி மாட்டியபடி டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் ஒரு முறையும் எடை போட்டால், இரண்டின் வித்தியாசமே உண்மையான கொக்கிப் பளு. காலியாகவும் சரக்கோடும் இரண்டு நிலையிலும் பாருங்கள். அடுத்து, ஆளில்லாத சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, சப்ளை ஹோஸை வேண்டுமென்றே கழற்றுங்கள். பிரேக் பிடித்த பின் கட்டையை எடுத்து, இழுவண்டியை முதல் கியரில் மெல்ல நகர்த்தினால், டிரெய்லரின் எந்தச் சக்கரமும் உருளக் கூடாது. உருளும் சக்கரம் எதுவோ, அதன் பிரேக்கை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

முதல் ஓட்டம் பத்து கிலோமீட்டர், பாதிச் சுமையோடு. நிறுத்தியதும் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சுடுகிறதென்றால் அங்கே பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் சக்கர நட்டுகள், யூ போல்ட்டுகள், இழுசட்டப் போல்ட்டுகள் அனைத்தையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, ஒவ்வொரு நட்டின் மீதும் அதன் அடித்தகட்டின் மீதும் சேர்ந்து ஓடும்படி மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முழுச் சுமையோடு நூறு கிலோமீட்டர் ஓடிய பின் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தால், எந்தக் கோடு உடைந்து விலகியிருக்கிறதோ அந்த நட்டுதான் தளர்ந்தது என்று குனியாமலே தெரிந்துவிடும்.